முப்பிடாதியின் கண்மலர்

முதலில் கெடுதல் செய்தவன் கொம்பையா. நான் இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையை நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான்தான் கெட்டவனாகத் தெரிவேன்.

மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள். அதோ, ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானே, அவன்தான் கொம்பையா. அவன் காதில் விழட்டும் என்றுதான் பேசுகிறேன். கண் முகாம் என்று சொல்லி எங்கள் ஊர்க் கிழடுகளையெல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் கடைசி சீட்டுக்குப் போனான். எனக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. அவனுக்கு இன்னும் பிரிக்கவில்லை. உங்களுக்கு இன்றைக்குத்தானே ஆபரேஷன் முடிந்தது? கட்டைத் தொடாதீர்கள். அரிக்கும். தொடாதீர்கள்.

கட்டுப் பிரித்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆபரேஷன் செய்த இந்த வலது கண்ணால் பார்த்தால், இந்தச் சுவர் இன்றைக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால், மஞ்சளைக் கரைத்துப் பூசிய மாதிரி இருக்கிறது. ஒரே சுவர்தான். காலையிலிருந்து ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து இதே வேலையாகக் கிடக்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

கொம்பையா எனக்கு மாமன் மகன். என் தங்கச்சி ஆவுடையின் புருஷனும் அவன்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். நான் இருந்தது அடுத்த தெரு. என் வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படி இருந்தோம்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது கோயில்களையெல்லாம் பூட்டச் சொல்லிவிட்டார்கள். எங்கள் முப்பிடாதி அம்மனை விளக்கில்லாமல் போட்டுவைக்க ஊருக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் மத்தியானம் உள்ளே போய், அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றி, விளக்கேற்றிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அது சித்திரை மாதம். சித்திரையில் கோயில் சாவி எங்கள் வீட்டு முறை. என் அப்பா வைத்திருந்த சாவி, அவருக்குப் பிறகு நான் வைத்திருந்த சாவி. தர்மகர்த்தா சொர்ணபாண்டி அதைத் தூக்கிக் கொம்பையாவிடம் கொடுத்துவிட்டார்.

“நீரு தெனமும் வண்டியைத் தூக்கிட்டுச் சந்தைக்குப் போறீரு. நாலு ஊரு ஆளைத் தொட்டுட்டு வாறீரு. கொம்பையா வீட்டுக்குள்ளயே கெடக்கவன். அவன்ட்ட இருக்கட்டும்வே” என்றார்.

நான் சொர்ணபாண்டியைக் குறை சொல்லவில்லை. அவர் பெரிய மனுஷன், அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். ஆனால் கொம்பையா என்ன செய்திருக்க வேண்டும்? “இது அத்தான் வீட்டு முறை, எனக்கு வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. கையை நீட்டி வாங்கி மடியில் செருகிக்கொண்டான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே ஆரம்பித்தது.

கண்மலர் தெரியும்தானே? அம்மன் முகத்தில் வைக்கிற கண். எங்கள் அம்மனுக்கு வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சொர்ணபாண்டி வெளியே நின்று கம்பிக்கதவு வழியாகக் கும்பிட்டிருக்கிறார். அம்மனுக்கு இடது கண் இல்லை. ஓடிவந்து சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு கண் நம்மைப் பார்க்கிறது. இன்னொரு பக்கம் வெறும் கறுப்புக் கல். அண்ணாச்சி, எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை என்னால் கனவிலிருந்துகூடத் தள்ள முடியவில்லை.

சாவி யாரிடம்? கொம்பையாவிடம். பின்னே யாரைக் கேட்பார்கள்?

அதுவும் போக, நான் பார்த்திருந்தேன். முந்தின நாள் உச்சி வெயிலில், குளத்துக்கு இந்தக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறேன். அந்தக் கரையில் கோயில். கொம்பையா கதவைப் பூட்டிவிட்டு இறங்குகிறான். அக்குளில் ஒரு துணிப் பொட்டலம். மஞ்சள் துணி. அம்மனுக்குச் சாத்துகிற மாதிரி மஞ்சள். சுருட்டி இடுக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து போனான். யாரோ சொல்லிக் கேட்டதில்லை இது. என் கண்ணால் பார்த்தேன். கொரோனாவில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். போனில் வந்தது, பேப்பரில் வந்தது, டாக்டர் சொன்னார் என்று. நான் அப்படிப்பட்டவன் இல்லை. பார்த்தால்தான் பேசுவேன்.

அந்த வருஷம் நல்ல புழுதி. ரோட்டில் எதிரே வருகிற வண்டி புகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு புழுதியிலும் அந்த மஞ்சள் எனக்குத் தெரிந்தது.

நான் பார்த்ததைச் சொன்னதும் ஊர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. மறுநாள் ஆவுடை வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அப்போது யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. கையில் ஒரு துணியை வைத்திருந்தாள்.

“அண்ணே, நீங்க பாத்தது இதுதான். வெளக்குத் தொடைக்க துணி. எண்ணெய்ச் சிக்கு ஏறிப்போச்சுன்னு தொவைக்கக் கொண்டாந்தாக. நாத்தம் பாருங்க, இன்னும் எண்ணெய் நாத்தம் போகல.”

நான் பார்த்தேன். வெள்ளை வேட்டித் துணி என்றாள். எனக்கும் பழைய வேட்டியாகத்தான் பட்டது. கொஞ்சம் பழுப்பேறின மாதிரி. அன்றைக்கு நான் பார்த்தது பளிச்சென்று மஞ்சள்.

“அது மஞ்சத் துணிட்டீ. இது இல்ல. துணிய மாத்திட்டான்.”

“யாரு மாத்துனா? எங்கிட்ட ஏது மஞ்சத் துணி? தொட்டுப் பாருங்கண்ணே.”

“தொடச் சொல்லாத. ஊரெல்லாம் வியாதி கெடக்கு.”

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “மெழுகு இந்த வெயிலுக்கு எளகியிருக்கும்ணே. கண்ணு தன்னால விழுந்து, ஊத்துன தண்ணியோட வெளிய போயிருக்கும். பின்னால தண்ணி விழுற குழி இருக்குல்லா, அதுல தேடிப் பாத்தீகளா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷனைக் காப்பாற்ற என்னவெல்லாம் யோசிக்கிறாள் பாருங்கள் என்று. அபிஷேகத் தண்ணீர் விழுகிற குழி அது. பூவும் எண்ணெயும் பாலும் அழுகி முழங்கால் ஆழம் சேறு. உண்மை என்ன என்று சொல்ல அம்மனே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, எவனாவது சேற்றில் கைவிட்டுத் தேடுவானா? நீங்களே சொல்லுங்கள். அது அம்மனை நம்பாத மாதிரி ஆகாதா?

அதனால் சத்தியம் கேட்டோம். எங்கள் பக்கம் எப்படி என்றால், சந்நிதிக்கு முன்னால் தரையில் கற்பூரம் கொளுத்தி வைப்பார்கள். குற்றம் இல்லாதவன் சத்தியம் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். ஒரு மண்டலம் பார்ப்போம். அதற்குள் அவன் குடும்பத்தில் கெடுதல் எதுவும் இல்லையென்றால் அவன் சுத்தம். ஏதாவது நடந்தால், அம்மன் பதில் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

கற்பூரம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். தள்ளி நிற்கத்தான் வேண்டும். ஆனால் சத்தியம் காதில் விழ வேண்டாமா? நெருங்கித்தான் நின்றோம். சொர்ணபாண்டி இருமிக்கொண்டே இருந்தார். “புழுதிடே, ஒண்ணும் இல்ல” என்றார். ஆவுடை பக்கத்தில் நின்றவள், தன் செம்பிலிருந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் அப்படித்தான்.

கொம்பையா கையைத் தூக்கினான். “நான் எடுத்திருந்தா என் கை வெளங்காமப் போகட்டும்” என்று ஆரம்பித்தான்.

நான் நிறுத்தினேன். “கையி போனா உனக்கு என்னல? அவ பேரைச் சொல்லி அணை” என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், அவளை அவன் உயிராக வைத்திருந்தான். அது எனக்குத் தெரியும். அவள் பேரைச் சொல்லிப் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது. அங்கேயே உடைந்து, உண்மையைச் சொல்லிவிடுவான். விஷயம் அன்றைக்கே முடிந்துவிடும். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

கொம்பையா கையைக் கீழே போட்டுவிட்டான். “இது வேண்டாம் அத்தான்” என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பார்த்தீர்களா என்கிற மாதிரி. ஆனால் ஆவுடை முன்னால் வந்தாள்.

“நீங்க எடுக்கலல்லா? சொல்லுங்க. எனக்கு என்ன வந்துறப்போவுது?” என்று சிரித்தாள். “அம்மனுக்குத் தெரியாதா?”

அவன் அவள் பேரைச் சொன்னான். கற்பூரத்தை அணைத்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கோயில் சாவியைச் சொர்ணபாண்டியின் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை, சொர்ணபாண்டி படுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். டீக்கடை முத்துமாலை போனான். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா போனாள். இவர்களையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் இப்போது சிலபேர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அது வேறு, இது வேறு. அவர்களுக்கு வந்தது கொரோனா. என் தங்கச்சிக்கு வந்தது சத்தியம்.

ஆமாம். ஆவுடைக்குக் காய்ச்சல் வந்தது. மண்டலம் முடியவில்லை, பாதிகூடப் போகவில்லை. ஊரே சொல்லிவிட்டது, அம்மன் பேசிவிட்டாள் என்று. நான் முதலில் சொல்லவில்லை. ஊர் சொன்னது. நான் ஆமாம் என்றேன்.

ஒருநாள் காலை கொம்பையா என் வாசலுக்கு வந்தான். சட்டை போடவில்லை. செருப்பு இல்லை.

“அத்தான், வண்டிய எடுங்க. அவளுக்கு மூச்சு இழுக்கு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டா, முன்னால நெறைய பேரு இருக்காக, காத்திருங்கங்கான்.”

அப்போது போலீஸ் மறிக்காத வண்டி எங்கள் ஊரில் என் குட்டியானை ஒன்றுதான். காய்கறி ஏற்றுவதால் பாஸ் இருந்தது. வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. இதைத்தான் ஊர் மாற்றிச் சொல்கிறது. மாட்டேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. நான் சொன்னது இதுதான்: “கண்மலரை எடுத்த இடத்துல வை. வச்சிட்டு வா. வண்டி நிக்கி.”

“நான் எடுக்கல அத்தான்.”

“அப்ப அவளுக்கு ஏம்ல இப்படி வருது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா மட்டும் அம்மன் விட்டுருவாளா? மொதல்ல அதை வை. வச்ச ஒடனே அவ எந்திரிச்சு உக்காருவா.”

நான் அதை நம்பித்தான் சொன்னேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். காரணம் அங்கே இருக்கும்போது டாக்டரிடம் போய் என்ன பிரயோஜனம்?

“அத்தான், ஒங்க தங்கச்சி” என்றான்.

“அதனாலதாம்ல சொல்லுதேன்.”

அவன் ஏதோ சொல்ல வருகிற மாதிரி வாயைத் திறந்தான். நான் காத்திருந்தேன். அவன் வாயை மூடிக்கொண்டு திரும்பி ஓடினான்.

தண்ணீர்க் குடம் வைத்துத் தள்ளுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று ரேஷன் கடைப் பக்கம் கிடக்கும். அதை எடுத்து, அதில் அவளைப் படுக்கவைத்து, அவனே மெயின் ரோட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனான். என் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவளுடைய ஒரு கை வெளியே தொங்கி ஆடியது. சக்கரத்துக்கு எண்ணெய் போடாத வண்டி. கிறீச், கிறீச் என்று அந்தத் தெரு முழுக்கச் சத்தம். நான் சாவியோடு வாசலிலேயே நின்றேன். இப்போதாவது திரும்பி ஒரு வார்த்தை சொல்வான், சொல்வான் என்று நின்றேன். அவன் திரும்பவில்லை. சத்தம் சின்னதாகிச் சின்னதாகி, குளத்துக்கரை தாண்டியதும் நின்றுவிட்டது. மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேரவில்லை அண்ணாச்சி.

மத்தியானம் இங்கே சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்களே, கவனித்தீர்களா? அதில் ஒரு சக்கரம் அப்படியே கத்துகிறது. நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், எண்ணெய் போடக்கூடாதா என்று. “நாளைக்குப் போடுறோம் தாத்தா” என்றாள். நேற்றும் அதைத்தான் சொன்னாள். அந்த வண்டி வரும்போது நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். சாப்பாடு எனக்கு வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வருஷம் கோயிலில் கொத்து வேலை நடந்தது. பின்னால் தண்ணீர் விழுகிற குழியைப் பெரிதாக்க வேண்டும் என்று சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். “என்னமோ மினுங்குது” என்று கொத்தனார் சத்தம் போட்டான். கழுவிப் பார்த்தார்கள். கண்மலர். பின்பக்கத்தில் மெழுகுகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு இளவட்டப் பயல், “ஏன் பெரியாக்களே, அன்னிக்கு இந்தக் குழியில ஒரு தடவை கையைவிட்டுப் பாத்தா என்ன?” என்று கேட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. நான் எதற்குத் தரையைப் பார்க்க வேண்டும்?

கொம்பையாவே கொண்டுவந்து போட்டிருப்பான். அதை நான் அன்றைக்கே சொன்னேன். சத்தியம் செய்த நாளிலிருந்து அவன் கோயில் பக்கம் வரவில்லையே என்று கேட்கிறார்கள். சேற்றுக்கு அடியில், அத்தனை ஆழத்தில் கிடந்ததே என்று கேட்கிறார்கள். எப்படிப் போட்டான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் எடுக்கவில்லை என்றால், ஆவுடை எதற்காகச் செத்தாள்? இதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவன் பேரைச் சொல்லி வாய் கிழியப் பேசுகிறவன் எல்லாம் இந்தக் கேள்விக்கு எழுந்து போய்விடுகிறான். அம்மன் பொய் சொல்வாளா? சொல்லுங்கள் அண்ணாச்சி, நீங்களும் சாமி கும்பிடுகிறவர்தானே?

கும்பாபிஷேகத்தன்று கொம்பையாவுக்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. தலையில் பரிவட்டம் கட்ட அவன் வீட்டுக்கே மேளத்தோடு போனார்கள். அவன் கதவைத் திறக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒருநாளாவது என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசி, மனசு ஆறியிருப்பேன். ஒன்றும் கிடையாது. தெருவில் எதிரே வந்தால், ஒரு கம்பத்தைத் தாண்டுகிற மாதிரி என்னைத் தாண்டிப் போகிறான். அது அடுத்த கெடுதல்.

காலையில் நர்ஸம்மா வந்தது. சுவர் விஷயத்தை அதனிடம் கேட்டேன். சிரித்தது. “புரை திடீர்னு விழாது தாத்தா. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாப் பழுக்கும். வெள்ளையெல்லாம் உங்களுக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்சிருக்கும். வெயில் அடிச்சா இன்னும் கூடுதலாத் தெரியும். உங்களுக்கே தெரியாது” என்றது. பிறகு, “அடுத்த மாசம் வாங்க, இன்னொரு கண்ணையும் பண்ணிரலாம், ரெண்டும் ஒரே மாதிரி ஆயிரும்” என்றது.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கண் இப்படியே இருக்கட்டும். இதில் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. என்ன குறை? ஒன்றும் குறை இல்லை.

நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. எப்படிச் சுற்றிவந்தாலும் தப்பு அவன் பக்கம்தான் வந்து நிற்கிறது. அன்றைக்குக் காலையில் என் வாசலில் வாயைத் திறந்தானே, அப்போது அவன் என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். “ஆமா அத்தான், நான்தான் எடுத்தேன். வச்சிருதேன். வண்டிய எடுங்க.” இவ்வளவுதான். எடுத்தானோ எடுக்கவில்லையோ, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் சாவியைப் போட்டுத் திருகியிருப்பேன். பாதி வழியில், “நான் எடுக்கல, சும்மா சொன்னேன்” என்று அவன் சொல்லியிருந்தால், நான் வண்டியைத் திருப்பிக்கொண்டா வந்திருப்பேன்? என் தங்கச்சி அண்ணாச்சி. திருப்பியிருப்பேனா? பெண்டாட்டிக்கு மூச்சு முட்டும்போது உண்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவன் ஒரு மனுஷனா?

அந்த ஒரு பொய் அவன் எனக்குத் தர வேண்டியது. அன்றைக்கும் தரவில்லை. இன்றைக்கும் தரவில்லை. இப்போது எழுந்து வந்து, “நான்தான் எடுத்தேன்” என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும். போதும். அதற்குப் பிறகு நான் அவன் பேச்சையே எடுக்க மாட்டேன். நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

தூங்குகிறான் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. கொம்பையா தூங்கினால் குறட்டை விடுவான். மரம் அறுக்கிற மாதிரி விடுவான். ஆவுடை எங்கள் வீட்டுக்கு வந்து அதேபோலச் செய்து காட்டிச் சிரிப்பாள். எங்கள் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இங்கே வந்ததிலிருந்து அவன் குறட்டைவிட்டு நான் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

விழித்துக்கொண்டுதான் கிடக்கிறான். கேட்கட்டும். தர வேண்டியவன் அவன்தானே.